சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

ஆய்வுக்கு இன்னும் எழுபத்தோரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போக்குவரத்துத் துறையின் குழு வண்டியைப் பார்க்கும் என்று கைபேசிக்குச் செய்தி வந்திருந்தது. இன்று செவ்வாய், மணி பதினொன்று. நீரஜா தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மந்தைவெளியில் மெக்கானிக் சேட்டுவின் ஷெட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பழைய டூத்பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி அவளுடைய அப்பா பத்ரிநாராயணனுடையது. 1968ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். வெளிர் நீலம். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்த சில வருடங்களில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. நீரஜா பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட வண்டி.

ஐம்பது வருடம் தாண்டிய, உருவமும் இன்ஜினும் மாறாத வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்தால் சாலை வரியும் பசுமை வரியும் கிடையாது என்று பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். எது தள்ளுபடி, எது இல்லை என்பதில் அந்தக் குழுவிலேயே இரண்டு கட்சி இருந்தது. அப்பா முதல் கட்சியில் சேர்ந்துவிட்டார். அவருக்காக இணையத்தில் விண்ணப்பம் போட்டவள் நீரஜா. கட்டணம் இருபதாயிரம். அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மிச்சமாகும் வரியால் அந்தக் கட்டணத்தை ஈடுகட்ட வேண்டுமென்றால் அப்பா நூற்றுப் பத்து வயது வரை இருக்க வேண்டும். இப்போது அவருக்கு அறுபத்தேழு.

இன்னொன்றையும் அவள் காட்டினாள். வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போகலாம். மற்றபடி நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

"படிச்சேன்," என்றார் அப்பா. தினமும் காலையில் லஸ் வரைக்கும் அந்த வண்டியில் போய்க் காய்கறி வாங்கி வருகிற மனிதர்.

"இன்னா பாப்பா, வண்டிக்குப் பல்லு வெளக்கி வுடறியா?" என்றார் சேட்டு.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்து ஹெரால்டு இந்த ஷெட்டுக்குத்தான் வருகிறது. போனட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்து வைத்திருந்தார். ஹெரால்டில் போனட்டோடு முன்பக்க மட்கார்டுகள் இரண்டும் சேர்ந்து எழும். இன்ஜின் முழுவதும் வெளியே தெரியும்.

விண்ணப்பத்தோடு இன்ஜின் எண்ணுக்கும் சேஸிஸ் எண்ணுக்கும் பென்சில் பிரின்ட் வைக்க வேண்டும். எண் பொறித்த இடத்தின் மேல் தாளை அழுத்திப் பிடித்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும். சேஸிஸ் எண் உடனே வந்துவிட்டது. இன்ஜின் எண் கண்ணுக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் சந்தனம் இருந்தது.

இன்ஜினில் பொட்டு வைக்கத் தட்டையான இடம் அது ஒன்றுதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா குளித்து மடியாக வந்து அங்கே சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைப்பார். பழையதைத் துடைப்பதில்லை. எண்ணெயும் தூசியும் ஏறி இறுகி, அதன் மேல் அடுத்த வருடத்துச் சந்தனம். நீரஜா பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க அடுக்கடுக்காகக் கரைந்து வந்தது. வாளித் தண்ணீர் மஞ்சளாகிப் பிறகு கறுத்தது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் குடிநீர் மாதிரிகளைப் பரிசோதிக்கிற வேலை. இந்தத் தண்ணீரை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே தேய்த்தாள்.

எண் தெரிந்தது. பென்சிலால் ஒற்றி எடுத்தாள். ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். புத்தகத்தில் கடைசி நான்கு எண்கள் 4718. தாளில் 2093.

மறுபடி ஒற்றினாள். மூன்றாம் முறையும். எதையும் மூன்று தடவை பார்ப்பது அவள் வழக்கம். மூன்று தடவையும் 2093.

"சேட்டண்ணா," என்றாள்.

சேட்டு வந்து எட்டிப் பார்த்தார். தாளைக் கையில் வாங்கவில்லை. கழிவுத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"உங்கப்பாருக்குத் தெரியாது," என்றார் கடைசியில்.

"என்ன தெரியாது?"

"தொண்ணூத்தேழுல சார நாக்பூருக்கு மாத்திட்டாங்க இல்ல? வண்டி ரெண்டு வருசம் இங்கதான் கெடந்துச்சி. எங்க நைனா வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு வுடுவாரு. ஒருநா ரேடியேட்டர்ல சுத்தமா தண்ணி இல்ல. பாக்காம பீச்சு வரைக்கும் போய்ட்டாரு. பிளாக்கு வெடிச்சிருச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? புதுப்பேட்டைல இன்னொரு ஹெரால்டு இன்ஜின் கெடச்சிது. தூக்கி மாட்டிட்டாரு. சார் ஊர்லேந்து வந்தாரு, ஓட்டிப் பாத்தாரு. முன்னவிட நல்லா இழுக்குதே, இன்னா செஞ்சேன்னு கேட்டு நைனாவுக்கு அம்பது ரூபா குடுத்தாரு. நைனா அன்னைக்கு சோறு துன்னல."

"இத்தனை வருஷமா எஃப்.சி.ல யாரும் பாக்கலையா?"

"வர்றவங்கோ சேஸிஸ் நம்பர் மட்டும் ஒத்தி எடுத்துக்கினு போய்டுவாங்கோ. இங்க சந்தனம் குங்குமம் கீது. சாமி மேல எவன் கை வெப்பான்?" சேட்டு குரலைத் தாழ்த்தினார். "இன்னா, பஞ்ச் அடிச்சி நம்பர மாத்திடலாம். பத்து நிமிசம். இல்லாங்காட்டி மறுபடியும் சந்தனத்த அப்பிடு. அவ்ளோதான் மேட்டரு."

"வேண்டாம்ணா."

"சாருக்கு அந்த வெள்ள மனசு, உனுக்கும் அதே," என்றார் சேட்டு. அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. போனட்டை இறக்கி மூடியவர் இடது மட்கார்டைத் தடவினார். "இந்தப் பெயின்ட் காஞ்சிருச்சி. இந்த வருசம் மட்டும் லெப்ட் சைடு மூணுவாட்டி தட்டியாச்சி."

"ஆட்டோக்காரா இடிச்சுடறான்னு அப்பா சொன்னார்."

"ஆட்டோவா?" சேட்டு சிரித்தார். "போனவாட்டி மீன் செதிலு ஒட்டிக்கினு இருந்துச்சி பாப்பா. பட்டினப்பாக்கத்துல மீன் விக்கற தாயம்மா கூடைய சாச்சிட்டாரு. அது வுடுமா? அரை மணி நேரம் ரோட்ல வெச்சி ஏலம் வுட்டுச்சாம் சார. நீ வேற வூட்ல போய் சொல்லாத."

வீட்டுக் காரில் மீன் செதில் ஒட்டியதை அப்பா எப்படிச் சொல்லுவார், அதனால்தான் ஆட்டோ என்றிருக்கிறார் என்று நீரஜா நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது 2093தான் பெரிதாக இருந்தது.

*

சொல்ல வேண்டியதை நீரஜா எப்போதும் முதலில் மனதுக்குள் எழுதிக்கொள்வாள். ஆய்வுக்கூடத்தில் மேலாளரிடம் விடுப்புக் கேட்பதற்கே மூன்று வாக்கியம் தயாரிப்பவள். 'அப்பா, இன்ஜின் வேற.' மூன்றே வார்த்தையில் முடிந்துவிடும் செய்தி. புதன்கிழமை காலை அடையாறு போகும் பஸ்ஸில் அதை எழுதினாள். மாலை திரும்பி வரும்போது அடித்துத் திருத்தினாள். வீட்டுக்குள் நுழைந்தால் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா அப்படி இருந்தார். பிளாஸ்டிக் முக்காலி போட்டுக்கொண்டு வண்டியின் முன்னால் உட்கார்ந்து, ஹெட்லைட்டின் வளையத்தை விரலால் தடவித் தடவித் துடைத்தார். வண்டியை முழுதாகப் போர்த்தச் சாம்பல் நிறத்தில் உறை ஒன்று வரவழைத்து, அதைப் பிரிக்காமல் ஹாலில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஸ்ரீகிருஷ்ணாவிடம், "இனிமே இது வண்டி இல்லை, அரும்பொருள்," என்று சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. சாப்பிட உட்காரும் போதெல்லாம் கேட்டார்.

"இன்னும் எத்தனை மணி நேரம்டி?"

"முப்பத்தெட்டு."

இத்தனை ஆசையாக அவர் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றபோது கொடுத்த கடிகாரத்தையே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா ஸ்ரீலக்ஷ்மி கேள்வி கேட்டாள். அவள் கோபமாக இருந்தாலும் காபியைச் சூடாகத்தான் கொடுப்பாள்.

"ஏன்னா, ஞாயித்துக்கெழமை பெசன்ட் நகருக்கு எதுல போறதாம்?"

பெசன்ட் நகரில் அவளுடைய தங்கை இருந்தாள். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெரால்டில்தான் போய் வருகிறார்கள்.

"ஆட்டோல போலாம்."

"வரி இல்லாத காரை ஆத்து வாசல்ல நிறுத்தி வெச்சுண்டு, நான் ஆட்டோல போகணுமா? அவ ஆத்துக்காரர் சிரிப்பார்."

"சிரிக்கட்டும்."

"இத்தனை நாளா கார்ல போனதும் ஒண்ணும் சொகமா இல்லை. இடது பக்கம் பாரு, இடது பக்கம் பாருன்னு. நான் என்ன பஸ் கண்டக்டரா, ரைட், ஹோல்டான் சொல்லிண்டு வரதுக்கு?"

"ரோடெல்லாம் மெட்ரோக்காரன் தோண்டிப் போட்டிருக்கான். பாத்துத்தான் போகணும்."

"அதுக்கு நீங்கள்னா பாக்கணும்."

அப்பா காபி டம்ளரை வைத்தார். அது டவராவின் ஓரத்தில் பட்டுச் சாய்ந்தது, மறுபடி சரியாக வைத்தார். "எனக்கு இது வேணும், லக்ஷ்மி," என்றார். "இது ஒண்ணு வேணும். விடேன்."

அம்மா விட்டாள். உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள்.

நீரஜா அன்று வாக்கியத்தைத் தொண்டை வரை கொண்டுவந்திருந்தாள். 'இது ஒண்ணு வேணும்' என்பதைக் கேட்டபின் விழுங்கிவிட்டாள். தன் அறைக்குப் போய்க் கோப்பைத் திறந்து, 2093 என்று எழுந்த தாளைச் சேஸிஸ் தாளுக்குப் பின்னால் வைத்தாள். வேறு எதை வைப்பது? இல்லாத எண்ணை அவள் தாளில் எழுப்ப முடியாது. நீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவைத்தான் எழுதிப் பழக்கம்.

*

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு அப்பா சாவியை அவளிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டு."

"நானா?"

"எனக்கு வேஷ்டி அழுக்காயிடும்."

அவள் ஓட்டியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில், அப்பா பக்கத்தில் இருக்க, கிளட்சுக்கு ஒரு திட்டும் கியருக்கு ஒரு திட்டுமாக. இன்று திட்டு வரவில்லை. மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி தாண்டி, தோண்டிப் போட்ட சாலைகளில் தகரத் தடுப்புகளுக்கு இடையே ஹெரால்டு ஊர்ந்து போனது. பைக்கில் போன ஒருவன் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. அவன் இடது பக்கமாகப் போனான்.

அடையாறு பாலத்தின் மேல் வாகனங்கள் நின்றன. ஆற்றின் மேல் காற்று வந்தது. நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பது நீரஜாவுக்குச் சௌகரியமாக இருந்தது.

"அப்பா, இன்ஜின் வேற."

அவள் எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். மிச்சத்தைக் கோர்வையில்லாமல் சொன்னாள். நாக்பூர், தண்ணீர் இல்லாத ரேடியேட்டர், புதுப்பேட்டை, சந்தனம். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. வண்டியை நகர்த்தினாள்.

பாலம் முடிந்தது.

"அம்பது ரூபா குடுத்தேன் அவனுக்கு," என்றார் அப்பா. பிறகு, "கமிட்டில அதைப் பாப்பாளா?"

"பாப்பா. பென்சில் பிரின்ட் ஃபைல்ல இருக்கு."

"அதை எதுக்கு வெச்சே?"

"வேற எதை வெக்கறது?"

"சந்தனம் இருந்தா இருந்துட்டுப் போறது. அப்படியே விட்டிருக்கலாமே."

நீரஜா திரும்பி அவரைப் பார்த்தாள். மீதிச் சில்லறையில் எட்டணா அதிகம் வந்துவிட்டதென்று அதைத் திருப்பிக் கொடுக்க ரயில்வே கவுன்டருக்கு நடந்தவர் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் மனிதர் இப்படிப் பேசுவதை அவள் கேட்டதில்லை.

"அப்பா, நமக்கு என்ன நஷ்டம்? வேண்டாம்னு சொன்னா சாதாரணமா எஃப்.சி. பண்ணிக்கலாம். எப்பவும் போல நீ ஓட்டலாம். அம்மாவும் சந்தோஷப்படுவா."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குத் தெரிந்தது அவர் பிடரி மட்டும்தான். புதன்கிழமை முடி திருத்திக்கொண்டு வந்திருந்தார்.

*

ஆய்வு மைதானத்தில் ஏழு வண்டிகள் நின்றன. மாலை போட்ட மோரிஸ் ஒன்று, அதன் பக்கத்தில் தொப்பி போட்ட உரிமையாளர். சைடு காரோடு ஒரு மோட்டார் சைக்கிள். குழுவில் மூன்று பேர். இருவர் தாள்களைப் பார்த்தார்கள், ஒருவர் வண்டியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தவர் பெயர் அப்துல் சமத். தொழில்நுட்பக் கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் எடுப்பவராம். சட்டைப் பையில் சின்ன டார்ச்சும் ஒரு கண்ணாடித் துண்டும் வைத்திருந்தார்.

"ஹெரால்டு," என்றார், விருந்தாளியை வரவேற்பதைப் போல. போனட்டைத் தானே திறந்தார். குனிந்து பார்த்தார், அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தார், டாஷ்போர்டின் மரத்தைத் தட்டினார். "நல்லா வெச்சிருக்கீங்க சார். யார் பாத்துக்கறது?"

"நான்தான்," என்றார் அப்பா.

அப்துல் சமத் கோப்பை வாங்கிப் புரட்டினார். ஆர்.சி. நகலையும் பென்சில் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். இன்ஜின் மேல் டார்ச் அடித்தார். அந்த ஒரு இடம் மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருந்தது.

"இது ஒத்து வரலையே."

அப்பா மோரிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீரஜா காத்திருந்தாள். அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பேச வேறு யாரும் இல்லை.

"ஒத்து வராது சார்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "தொண்ணூத்தேழுல இன்ஜின் மாத்தியிருக்கா. அதே மாடல்தான், ஆனா வேற வண்டியோடது. அப்பாவுக்குத் தெரியாது. செவ்வாக்கிழமைதான் நான் பாத்தேன்."

"பாத்தும் இந்தத் தாளை வெச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

அப்துல் சமத் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மற்ற இருவரிடமும் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். திரும்பி வரும்போது அப்துல் சமத்தின் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் பெரிதாக இல்லை.

"வின்டேஜுக்கு இதை எடுக்க முடியாது சார். மூல இன்ஜின் இல்லை. இந்த இன்ஜின் நம்பரைப் புத்தகத்துல ஏத்திட்டு, சாதாரண புதுப்பிப்புக்குப் போங்க. வரி என்ன, கொஞ்சம் கட்டிட்டுப் போங்களேன்."

"வேற வழி ஏதாவது இருக்கா?" என்றார் அப்பா. "மேல யாருக்காவது எழுதலாமா?"

"எழுதலாம். ஆனா நான் ஒண்ணு சொல்லட்டா?" அப்துல் சமத் போனட்டை மெதுவாக இறக்கி, இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் மாட்டினார். "இங்க வர்ற வண்டில பாதி தள்ளிக்கிட்டுத்தான் வருது. இது ஓடி வந்திருக்கு. இன்னும் இருபது வருஷம் ஓடும். இதைப் போய் ஏன் கட்டிப் போடறீங்க? ஓட்டுங்க சார். பொண்ணையும் வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு பாண்டிச்சேரி வரைக்கும் போங்க."

"அதுதான்பா நானும் சொன்னேன்," என்றாள் நீரஜா.

அப்பா ஹெரால்டின் இடது மட்கார்டின் மேல் கையை வைத்தார். புதுப் பெயின்ட் மற்ற நீலத்தைவிட ஒரு சாயல் கூடுதலாக இருந்தது. அந்தப் புது நிறம் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடினார்.

"வரிக்காக இல்லை சார்," என்றார்.

"பின்ன?"

"விக்க மனசு வரலை. ஓட்டாம இருக்கவும் தெரியலை. தினம் காலம்பற சாவியை எடுத்துண்டுடறேன். ஓட்டக் கூடாதுன்னு கவர்மென்டே எழுதிக் குடுத்துட்டா ஆத்துல யாரும் ஏன்னு கேக்க மாட்டா. நானும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு நெனச்சேன்."

"எதை சார்?"

தொப்பி போட்டவர் மோரிஸைக் கிளப்பினார். அது இரண்டு முறை இருமி நின்றது. அப்பா அந்தச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு முழுதாகத் திரும்பினார், அவருக்கு இடது பக்கம் நின்றுகொண்டிருந்த நீரஜாவைப் பார்ப்பதற்காக.

"என் இடது கண்ணு தெரியலை," என்றார். "மாசி மாசத்துலேர்ந்து."